இன்சூரன்ஸ் இல்லாத வாகனமும் நம் பிறனும்



பிழைப்பின் நிமித்தம் தலைநகர் டில்லிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இருசக்கர வாகனம் இல்லாத வீடுகள் இன்று குறைவு. வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், ஞாயிறு காலையில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆராதனைக்கு வந்து சேரவும் அந்த வண்டியே துணை. மாதத் தவணையைத் தவறாமல் கட்டுகிறோம். எண்ணெய் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம். ஆனால் அதன் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால், உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆசிரமச் சந்திப்பிலோ தௌலா குவானிலோ போக்குவரத்துப் போலீஸார் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லும்போதுதான் அந்தத் தேதி பலருக்கு நினைவுக்கு வருகிறது. அப்பொழுது என்ன செய்வது, சலான் வந்தபின் எங்கே செல்வது, அபராதத்தைக் கட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடுமா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வாகனத்தையும் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்று கட்டளையிடுகிறது. இது புதிய சட்டமன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தக் கட்டாயம் எழுதப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு விடுதலை பெறுமுன்னே வந்த சட்டம் இது.

மீறுகிறவர்களுக்கான தண்டனை 196ஆம் பிரிவில் உள்ளது. முன்பு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது, 2019 செப்டம்பர் 1 முதல் உயர்த்தப்பட்டது. இப்பொழுது முதல்முறை பிடிபட்டால் 2000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 4000 ரூபாய்.

இந்தப் பிரிவில் நாம் கவனிக்க வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் மாத்திரமல்ல, ஓட்டும்படி அனுமதிக்கிறவரும் குற்றவாளியே. ஆகையால் சபையிலுள்ள ஒரு சகோதரர் அவசரத்திற்குக் கேட்டாரென்று இன்சூரன்ஸ் இல்லாத நம் வண்டியின் சாவியைக் கொடுத்தால், வீட்டில் அமர்ந்திருக்கும் நாமும் சட்டத்தின் முன் பொறுப்பாளிகளாகிறோம்.

போலீஸார் நிறுத்தும்போது

முதலாவது, நில்லுங்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவது உயிருக்கே ஆபத்து. சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் ஆவணங்களைக் காட்டுவது நம் கடமை. இந்தி சரளமாக வராவிட்டாலும் அமைதியாகவும் மரியாதையாகவும் பேசுங்கள்.

இரண்டாவது, காகிதம் கையில் இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய அரசு செயலிகளில் உள்ள ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கைப்பேசியில் காட்டினாலே போதும். மத்திய மோட்டார் வாகன விதிகள் மின்னணு ஆவணங்களை ஏற்றுக்கொள்கின்றன.

மூன்றாவது, இன்சூரன்ஸ் இல்லாதிருப்பது வேறு, இருந்தும் அந்நேரத்தில் காட்ட முடியாதிருப்பது வேறு. பாலிசி நடப்பில் இருந்து, காட்டத்தான் முடியவில்லை என்றால், கேட்கப்பட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் குறித்த காவல் நிலையத்தில் அதைக் காட்ட 158ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்படிக் காட்டியவரைக் காகிதம் கையில் இல்லாத குற்றத்திற்காகத் தண்டிக்க முடியாது. இதை அறியாமல் உண்மையாகவே பாலிசி வைத்திருப்பவர்களும் வீணாக அபராதம் கட்டிவிடக் கூடாது.

நான்காவது, பாலிசி உண்மையிலேயே காலாவதியாகியிருந்தால் பொய் சொல்லாதிருங்கள். வாகன எண்ணைத் தட்டினால் இன்சூரன்ஸ் முடிந்த தேதி அதிகாரியின் கருவியிலேயே தெரிந்துவிடும். "பாதியைக் கொடுத்துவிட்டுப் போ" என்று எவராவது சொன்னாலும், நாமே அப்படிக் கேட்டாலும், அது லஞ்சம். அதைக் கொடுப்பதும் குற்றமே. சலானைக் கேட்டுப் பெறுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ஆவணம் எதையாவது அதிகாரி எடுத்துக்கொண்டால் அதற்கும் எழுத்து மூலமான ஒப்புதலைக் கேளுங்கள்.

சலான் வந்த பின்பு

சலானில் உங்கள் வாகன எண், இடம், நேரம், சட்டப்பிரிவு ஆகியவை சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். டில்லியில் 2019 ஜூலையில் தொடங்கப்பட்ட மெய்நிகர் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும் சலான்களை இணையத்தில் வாகன எண்ணைக் கொடுத்தே தேடிக் காணலாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் அபராதத்தை அங்கேயே செலுத்தலாம். ஒப்புக்கொள்ளாதவர் வழக்காட விரும்புவதாகத் தெரிவித்தால், வழக்கு சாதாரண நீதிமன்றத்திற்குச் செல்லும். பிடிபட்ட நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்ததென்றால், அதன் நகலோடு இந்த இரண்டாம் வழியை எடுப்பதே முறை.

டில்லி மாநிலச் சட்டப்பணிகள் ஆணையமும் டில்லி போக்குவரத்துப் போலீஸாரும் சேர்ந்து லோக் அதாலத்துகளையும் நடத்திவருகிறார்கள். தீஸ் ஹசாரி, பாட்டியாலா ஹவுஸ், கட்கட்டூமா, சாகேத், ரோகிணி, துவாரகா, ரவுஸ் அவென்யூ ஆகிய நீதிமன்ற வளாகங்களில் இவை கூடுகின்றன. எந்தெந்தச் சலான்கள் எடுத்துக்கொள்ளப்படும் என்பது ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்படும். முன்கூட்டியே போக்குவரத்துப் போலீஸாரின் இணையதளத்தில் சீட்டைப் பதிவிறக்கி எடுத்துச் செல்ல வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் ஆணையத்தின் 1516 என்னும் இலவச எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு.

சலானைக் கிழித்துப் போடுவதும், "ஊருக்கே திரும்பிவிடுவோம், யார் தேடப்போகிறார்கள்?" என்றிருப்பதும் பேதைமை. நிலுவையிலுள்ள சலான் வாகனத்தின் பதிவேட்டிலேயே நிற்கிறது. வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ செல்லும்போது அது எதிரே வந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் பெயரில் சலான் உள்ளது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளில் மோசடிகளும் உண்டு. அரசின் சலான் தளம் பரிவாகன். அதில் நீங்களே சென்று பாருங்கள். முன்பின் அறியாத எண்ணிலிருந்து வரும் செயலி எதையும் கைப்பேசியில் ஏற்றாதிருங்கள்.

அபராதம் கட்டினால் காரியம் முடிந்ததா?

முடியவில்லை, பிரியமானவர்களே. 2000 ரூபாய்க்கான ரசீது இன்சூரன்ஸ் பாலிசி ஆகாது. அபராதம் கட்டிவிட்டு அதே வண்டியில் வீடு திரும்பும் அந்தப் பத்து கிலோமீட்டரும் நாம் காப்பீடு இல்லாமலே ஓட்டுகிறோம். அன்றைக்கே பாலிசி எடுங்கள். அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். அந்த மணி வரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பகலில் எடுத்த பாலிசி காலையில் நடந்த விபத்துக்கு உதவாது.

அதன் செலவையும் பாருங்கள். 2022 ஜூன் 1 முதல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய். நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் ஸ்கூட்டர்கள் இந்த வகையே. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் ஏறக்குறைய 843 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. ஒருமுறை கட்டும் அபராதத்தில் இரண்டு ஆண்டுக் காப்பீட்டை எடுத்துவிடலாம்.

அபராதத்தைவிடப் பெரிய கடன்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சாலையில் நடந்து சென்றவர். அவர் வாகனம் ஓட்டவில்லை, தலைக்கவசம் அணியவில்லை, எந்த பாலிசியும் எடுத்திருக்கவில்லை.

அப்படி ஒருவரை நம் வண்டி இடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 32. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவியும் இரு பிள்ளைகளும் அவரை நம்பியிருந்தார்கள். அவர் இறந்துபோனால் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை, டில்லிப் பேருந்து விபத்தொன்றில் எழுந்த சரளா வர்மா வழக்கில் 2009-லும், பிரணய் சேத்தி வழக்கில் 2017-லும் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,80,000. வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றிலொரு பங்கைக் கழித்தால் 1,68,000. அவர் வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக 26,88,000 ரூபாய். அடக்கச் செலவு முதலானவை இதற்கு மேல்.

இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். இல்லாவிட்டால் தீர்ப்பு நம் பெயரில் வரும். தீர்ப்பாயம் விதித்த தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழியுண்டு. பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த பணமும், ஊரில் வாங்கிப் போட்ட மனையும் அதற்குத் தப்பாது. அப்படியும் நம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லையென்றால், அந்த விதவையும் பிள்ளைகளும் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமையாய் நிற்பார்கள். இதில் அதிகம் இழந்தவர்கள் அவர்களே.

இதை முன்னிட்டே டில்லியில் 2008ஆம் ஆண்டு மோட்டார் விபத்து உரிமைத் தீர்ப்பாய விதிகளில் 6ஆம் விதி கடுமையாக எழுதப்பட்டது. விபத்துக்குள்ளான வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், வரக்கூடிய இழப்பீட்டுக்குப் போதிய உத்தரவாதம் கொடுத்தாலொழிய நீதிமன்றம் அதை விடுவிக்கலாகாது. மூன்று மாதம் கடந்தால் வாகனத்தைப் பொது ஏலத்தில் விற்று, பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். பிற மாநிலங்களும் இத்தகைய விதியைக் கொண்டுவரும்படி 2018 செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோவை மருத்துவர் தொடுத்த வழக்கு

இதே தலைநகரின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தமிழர் தொடுத்த வழக்கையும் நாம் அறிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு நிமித்தமாக 2012-ல் பொதுநல வழக்கொன்றைத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாட்டில் ஓடும் 18 கோடி வாகனங்களில் 6 கோடிக்கே மூன்றாம் நபர் காப்பீடு இருப்பதாக 2018-ல் நீதிமன்றத்தின் முன் சொல்லப்பட்டது. அதன்மேல் 2018 ஜூலை 20 அன்று நீதிமன்றம் ஒரு கட்டளை பிறப்பித்தது. செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு ஒரே தடவையில் எடுக்கப்பட வேண்டும் என்பதே அது.

முறிந்த எலும்புகளைச் சேர்க்கும் ஒரு மருத்துவர், அடிபடுமுன்னே மனிதரைக் காக்க வழக்குத் தொடுத்தார் என்பது நமக்குப் பெருமை. அதேவேளையில் இந்த நன்மையே ஒரு மறதியையும் உண்டாக்கக்கூடும். "ஐந்து வருஷத்துக்கு எடுத்தாயிற்று" என்று நிம்மதியாயிருப்பவர்கள் வருஷத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. 2019-ல் வாங்கிய ஸ்கூட்டரின் ஐந்தாண்டுக் காப்பீடு 2024-லேயே முடிந்துவிட்டது. உங்கள் ஆர்.சி.யை எடுத்து வாங்கிய வருஷத்தை இன்றே பாருங்கள்.

நம்மவர்கள் இடறக்கூடிய இடங்கள்

1. பழைய வண்டி வாங்குதல்: ஊருக்குத் திரும்பும் நண்பரிடமிருந்து வண்டியை வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டுவது நம்மிடையே உண்டு. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

2. பழைய வண்டியை விற்றல்: விற்றவரும் நிம்மதியாய் இருந்துவிட முடியாது. கைமாறிக் கைமாறி வேறொருவரிடம் சென்றுவிட்ட காரினால் விபத்து நேர்ந்த நவீன்குமார் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகையால் விற்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள்.

3. தமிழ்நாட்டுப் பதிவெண்: ஊரிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த வண்டியின் இன்சூரன்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் டில்லியிலேயே வைத்திருந்தால் இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதன்பின் பாலிசியிலும் அந்த எண்ணை மாற்ற மறவாதிருங்கள்.

4. பின்னால் அமர்கிறவர்: சட்டம் கட்டாயப்படுத்தும் பாலிசி மட்டும் இருந்தால், ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து சென்றவருக்கு நேரும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னால் அமர்வது பெரும்பாலும் நம் மனைவியோ தாயோ அல்லவா? பாலிசி எடுக்கும்போது அவர்களுக்கும் காப்பு உண்டா என்று கேட்டு, அதற்குரிய சிறு தொகையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

5. போலி பாலிசி: மிகக் குறைந்த விலைக்குத் தெருவோரத்தில் விற்கப்படும் காகிதத்தை நம்பாதிருங்கள். வாங்கிய சில நாட்களில் எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வாகன எண்ணைத் தட்டி, அந்த பாலிசி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தையே நேரடியாகக் கேளுங்கள்.

"கர்த்தர் காப்பார், காப்பீடு எதற்கு?"

நம்மில் சிலர் உண்மையான பக்தியோடே இப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு யாருக்காக என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அது நம் உடலுக்கோ நம் வண்டிக்கோ எடுக்கப்படுவதன்று. நம் வண்டியால் அடிபடக்கூடிய முகமறியாத ஒருவருக்காக எடுக்கப்படுவது. நம்மைக் காக்க ஆண்டவரை நம்புகிறோம் என்பதற்காக, நம்மால் கீழே விழுந்த ஒருவருடைய மருத்துவச் செலவைக் கொடாதிருக்க நமக்கு உரிமை உண்டா?

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புதிய வீட்டைக் கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவரும் கட்ட வேண்டும் என்ற கட்டளையை நாம் வாசித்திருக்கிறோம். வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் ஓரம் எங்கே என்று தெரியும். அந்தச் சுவர், அதை அறியாமல் ஏறி வருகிற அயலானுக்காக. நம் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடும் அத்தகைய சுவரே. அதைக் கட்டுவது அவிசுவாசம் ஆகாது. பிறனுடைய இரத்தப்பழி நம் வீட்டின்மேல் வராதபடிக்குச் செய்யும் கடமை.

ஆகையால், அன்பானவர்களே, இந்த வாரத்தில் ஒரு மாலை வேளையில் குடும்பமாக அமர்ந்து மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பாலிசி முடியும் தேதியைப் பார்த்து, வீட்டு நாட்காட்டியில் அதற்குப் பதினைந்து நாள் முன்பாக ஒரு வட்டமிடுங்கள். பாலிசியையும் ஆர்.சி.யையும் டிஜிலாக்கரில் ஏற்றிவையுங்கள். நிலுவைச் சலான் ஏதேனும் உண்டா என்று வாகன எண்ணைக் கொண்டு தேடிப் பாருங்கள். இணையம் அறியாத மூத்தவர்களுக்கும், புதிதாய் டில்லிக்கு வந்த வாலிபருக்கும் இதைச் செய்து கொடுப்பதைச் சபையின் வாலிபர்கள் ஓர் ஊழியமாகவே எடுத்துக்கொள்ளலாம். வண்டியைக் கடனாகக் கேட்கும் சகோதரருக்குச் சாவியைக் கொடுக்குமுன், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் உண்டா என்று ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.